ஏறப் பழகினேன், இறங்கப் பழகவில்லை

67 வயதில் தனியாக ஸ்பெயினில், சந்தியாகோ நகரத் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறேன் என்றதும் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் 12 மாடி படியேறுவேன், இறங்குவது லிஃப்டில். ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய ரயில் பாதையில் நடை. அங்கே ஏற்ற இறக்கமே கிடையாது.

சர்ரியாவில் தொடங்கினேன் (ஊர்ப் பெயரே நம்மைக் கேள்வி கேட்கிறது!). அங்கிருந்து சந்தியாகோவுக்குச் சுமார் 115 கிலோமீட்டர். யாத்திரை முடித்த சான்றிதழ் வாங்க, நடந்து போகிறவர்கள் 100 கிலோமீட்டராவது நடந்து சந்தியாகோவைச் சேர வேண்டும். முதல் நாளே போர்த்தோமரின் என்ற ஊருக்கு முன்னால் செங்குத்தான இறக்கம். முழங்கால் கெஞ்சியது. விரல்கள் ஷூ முனையில் இடித்து இடித்து, இரவில் பார்த்தால் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்திருந்தன.

விடுதியில் ஓர் அம்மா ஷூ கயிற்றைக் கட்டிக் காட்டினார். மேலே இருக்கும் கடைசி இரண்டு துளைகளில் இருபக்கமும் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் அசையாது, விரலும் முன்னால் சறுக்காது. நகத்தை ஒட்ட வெட்டினேன். இறக்கத்தில் ஊன்றுகோல்களைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். அப்புறம், வீம்பை விட்டு, பெரிய பையை அடுத்த விடுதிக்குக் காசு கொடுத்து வண்டியில் அனுப்பினேன். எட்டாவது நாள் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது லிஃப்டில் ஏறி, படியில் இறங்குகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.