நெய்யுருண்டையும் டெட்லிஃப்ட்டும்: வீட்டு இனிப்பைக் கைவிடாமல் எடைப்பயிற்சி செய்யும் முறை

எடைப்பயிற்சியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டதாக அறிவிப்பவர்களில் பலர், தீபாவளி வருவதற்குள் ஜிம்முக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள். இனிப்பை விட வேண்டியதில்லை. தட்டில் வந்த பிறகு கணக்குப் பார்க்காமல், அடுப்படியிலேயே கணக்குப் பார்க்கப் பழகினால் போதும். கடை இனிப்பில் எவ்வளவு நெய் சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. வீட்டில் செய்யும்போது ஒவ்வொரு கரண்டியும் நம் கண் முன்னே விழுகிறது.

பாசிப்பருப்பு நெய்யுருண்டையை எடுத்துக்கொள்வோம். 250 கிராம் பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, நைசாக அரைத்துச் சலித்து, 200 கிராம் பொடித்த சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, 125 கிராம் நெய்யை உருக்கிச் சூட்டோடு ஊற்றிப் பிடித்தால் 20 உருண்டைகள் வரும். பருப்பில் சுமார் 870 கலோரி, சர்க்கரையில் 800, நெய்யில் ஏறக்குறைய 1,120 என மொத்தம் 2,800 கலோரி அளவில் இருக்கும். அதாவது ஓர் உருண்டைக்கு 140 கலோரி, 10 கிராம் சர்க்கரை, 3 கிராம் புரதம். இதைக் குறைப்பதற்கு எல்லோரும் முதலில் சர்க்கரையில்தான் கை வைக்கிறார்கள். 50 கிராம் சர்க்கரையைக் குறைத்தாலும் உருண்டைக்கு 10 கலோரிதான் மிச்சமாகும். நெய்யைக் குறைத்தாலோ உருண்டை பிடிக்க வராமல் கையிலேயே உதிரும். ஆகவே அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அதே மாவில் 28 உருண்டைகள் பிடிப்பதுதான் என் வழி. பெரிய நெல்லிக்காய் அளவில், ஒன்றுக்கு 100 கலோரி என்று மனக்கணக்குக்கும் எளிதாக அமையும், ருசியும் கெடாது. பிடிக்கும்போது விரலில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுவதும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

எடை தூக்கியதற்குப் பரிசாக இனிப்பைச் சாப்பிடும் வழக்கம் மட்டும் வேண்டாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம், எடையைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும் படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸும் செய்தால், செட்டுகளுக்கு (பயிற்சிச் சுற்றுகளுக்கு) இடையே உட்கார்ந்திருக்கும் நேரமும் சேர்த்து, செலவாவது பெரும்பாலும் 250 முதல் 400 கலோரிதான். மூன்று உருண்டைகளில் அது திரும்பிவிடும். பயிற்சியின் பலன் அன்று எரிந்த கலோரியில் இல்லை. அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் தசை தன்னைச் சீர்படுத்திக்கொள்வதில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டியது புரதம்.

சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை கூறுகிறது. தசையை வளர்க்க விரும்புபவர்களுக்கு 1.6 கிராம் அளவு வரை எடுக்கச் சொல்வது வழக்கம். 70 கிலோ உடலுக்கு அது 112 கிராம். பருப்பில் செய்ததுதானே என்று உருண்டையை நம்பினால், 3 கிராம் புரதமுள்ள பெரிய அளவிலேயே நாளுக்கு 37 உருண்டைகள் தின்ன வேண்டியிருக்கும். நான்கு முட்டையில் 24 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம் என்று சாப்பாட்டிலேயே புரதத்தை நிரப்பிவிட்டு, இனிப்பை இனிப்பாக மட்டுமே கொள்வது நல்லது.

சர்க்கரைக்கு இடம் தேடுபவர்கள் முதலில் காபி டம்ளரைப் பார்க்க வேண்டும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். இரண்டு தேக்கரண்டி போட்டு மூன்று வேளை காபி குடித்தால் அதில் பாதி காபியிலேயே கரைந்துவிடுகிறது. காபியில் சர்க்கரையைக் குறைத்து அந்த இடத்தை உருண்டைக்குக் கொடுப்பது எனக்கு லாபமான வியாபாரமாகத் தோன்றுகிறது. வெல்லமும் கருப்பட்டியும் ருசிக்காகச் சேர்க்கத் தக்கவையே என்றாலும், கலோரியில் சர்க்கரைக்கு மிக அருகில் நிற்பவை என்பதால் அவற்றுக்குத் தனிச் சலுகை கிடையாது. நீரிழிவு உள்ளவர்கள் இந்த அளவுகளை மருத்துவரிடம் கேட்டே வகுத்துக்கொள்ள வேண்டும்.

நெய் மிகுந்த பண்டம் வயிற்றில் நெடுநேரம் தங்கும். அதைத் தின்றுவிட்டு அரை மணியில், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டுக்குக் குனிந்தால் நெஞ்சு வரை ஏறிவரும். பயிற்சிக்கு முன் பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். பயிற்சி முடிந்து, முட்டையோ பருப்போ தயிரோ உள்ள சாப்பாட்டைச் சாப்பிட்ட பின் உருண்டையை எடுத்தால், தசைகள் சர்க்கரையை விரைவாக உள்வாங்கும் நேரமாகவும் அது அமைகிறது, வயிறு நிறைந்திருப்பதால் இரண்டாவது உருண்டைக்குக் கையும் நீளாது. பாயசம் மட்டும் இதற்கு விலக்கு. குடிக்கும் பொருளுக்கு வயிறு சரியாகக் கணக்கு வைப்பதில்லை என்பதால், சின்னக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட வேண்டும்.

தீபாவளிக்கு மறுநாள் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறாதீர்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் கிளைகோஜனாக (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை வடிவம்) தசையில் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கிலும் மிக்சரிலும் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் நீரைச் சேர்க்கும். கூடியதாகத் தெரியும் அந்த ஒரு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதற்கு அஞ்சி மறுநாள் பட்டினி கிடந்தால் பயிற்சியில் ரெப்புகள் (ஒரு சுற்றில் எடையைத் தூக்கும் தடவைகள்) குறையும், இரவில் அதிரச டப்பா திறக்கும். வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டு, வழக்கமான நாளில் ஜிம்முக்குப் போய், ஐந்தாறு நாள் கழித்துக் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள்.