பள்ளிக் கழிப்பறை: வரையத் தொடங்கும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் மாணவியருக்கான கழிப்பறையை வடிவமைத்துக் கொடுத்தேன். சுவரில் ஆறடி உயரத்துக்கு டைல்ஸ், நல்ல காற்றோட்டம், உறுதியான கதவுகள் என்று கட்டடம் பார்வைக்கு நன்றாகவே அமைந்திருந்தது. ஆனால் காலாண்டுத் தேர்வு முடிவதற்குள் நான்கு அறைகளில் இரண்டைப் பூட்டிவிட்டார்கள். காரணம் விசாரித்தபோது, தூய்மைப் பணியாளரான அம்மா என்னை உள்ளே அழைத்துச் சென்று, ஹோஸ் மாட்டித் தரையைக் கழுவுவதற்கு ஏற்ற குழாய் எங்குமே இல்லாததைக் காட்டினார். முன்வாசல் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து வந்துதான் அவர் கழுவ வேண்டியிருந்தது. இரண்டு அறைகளுக்கு மேல் அவரால் முடியவில்லை. “கட்டும்போது தினமும் இங்கதான் சார் நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு பைப்பு வைக்கச் சொல்லியிருப்பேனே” என்றார்.

அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைமையாசிரியர், உதவிப் பொறியாளர், ஊராட்சித் தலைவர் ஆகிய மூவரிடமும் பேசியிருந்தேன். அத்துடன் சம்பந்தப்பட்டவர்கள் அனைவரிடமும் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இத்தகையோரைத் திட்ட அறிக்கைகளில் ‘பங்குதாரர்கள்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் முதல் போட்டவரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. துடைப்பம் பிடிப்பவரின் முகம் வருவதில்லை. ஆகவே பட்டியல் தயாரிக்கும்போது பதவிகளை எழுதாமல், மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: இதை நாள்தோறும் யார் பயன்படுத்துவார்கள், இதை யார் கழுவிப் பழுதுபார்ப்பார்கள், இதை யாரால் நிறுத்த முடியும்? மூன்றாவது கேள்விக்கான விடை எவருக்கும் எளிதில் தெரிந்துவிடும். தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான்.

பள்ளிக் கழிப்பறை என்றால், அந்த இரண்டாவது பட்டியலில் தூய்மைப் பணியாளரோடு மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவர், ஊரில் வழக்கமாகப் பழுதுபார்க்கும் பிளம்பர், செப்டிக் டேங்கை உறிஞ்ச வரும் லாரியின் ஓட்டுநர் ஆகியோரும் இடம்பெற வேண்டும். லாரி ஓட்டுநரை யாரும் நினைப்பதில்லை. செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இன்றி அதனுள் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. எனவே லாரி எதுவரை வரும், அதன் குழாய் எத்தனை அடி எட்டும் என்பதை ஓட்டுநரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டேங்க் இருக்க வேண்டிய இடத்தைக் குறிக்க வேண்டும். மதில் சுவருக்கு அப்பால் யாருக்காவது குடிநீர்க் கிணறு இருந்தால் அவரும் சம்பந்தப்பட்டவரே. செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

இவர்களையெல்லாம் எப்போது கேட்பது? கட்டடத்தின் செலவு மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி கிடைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு ஒரு குழாயைச் சேர்க்க வேண்டுமானாலும் திருத்திய மதிப்பீடு தயாரித்து, மறுபடியும் அதே மேசைகளைச் சுற்றி வர நேரும். அந்த அலைச்சலுக்கு அஞ்சியே நியாயமான பல கோரிக்கைகள் கைவிடப்படுகின்றன. சில முடிவுகள் நாம் எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே இறுகிவிடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதை ஓர் அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பது விதி. பேஸ்மட்டத்தை ஒன்றரை அடி உயர்த்தினால் பாதைக்கு மட்டும் பதினெட்டு அடி தேவைப்படும். கட்டடத்தைச் சுவரோரம் ஒட்டி வைத்த பிறகு அந்த இடத்துக்கு எங்கே போவது? சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் தாயைத் திறப்பு விழாவுக்கு மட்டும் அழைத்துப் பயனில்லை. பேஸ்மட்டம் முடிவாகும் நாளிலேயே அவர் உடன் இருக்க வேண்டும்.

கேட்கும் முறைக்கு வருவோம். வரைபடத்தை விரித்துக் காட்டினால் “நல்லா இருக்குங்க” என்ற பதில்தான் கிடைக்கும். அது மரியாதைக்காகச் சொல்லப்படுவது. அதைக் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் இப்போது கட்டடம் வரவிருக்கும் இடத்திலேயே சுண்ணாம்புத் தூளால் அறைகளின் முழு அளவையும் தரையில் போட்டுவிடுகிறேன். மூன்றடிக்கு நான்கடி என்று போட்ட ஒரு கட்டத்துக்குள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் புத்தகப் பையோடு நின்று, உள்நோக்கித் திறக்கும் கதவு எங்கே வரும் என்று கேட்டார். நான் ஓர் அட்டையைக் கதவாகப் பிடித்துச் சுழற்றிக் காட்டினேன். அவர் ஒதுங்கி நிற்க இடமில்லாமல் பீங்கான் வரவேண்டிய இடத்தில் கால் வைத்தார். அந்த நொடியிலேயே கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பையை மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்பதும், தாழ்ப்பாள் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்ட வேண்டும் என்பதும் அதே அரை மணி நேரத்தில் தெரியவந்தன.

எல்லாரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைப்பது பெரும் பிழை. தலைமையாசிரியர் எதிரில் தூய்மைப் பணியாளர் வாய் திறக்க மாட்டார். ஆண் பொறியாளர் எதிரில் மாணவியர் நாப்கின் பற்றிப் பேச மாட்டார்கள். மாணவியரோடு ஆசிரியை ஒருவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ தனியாக அமர்ந்து பேசட்டும். பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. நாப்கின் எரிக்கும் கருவியைப் பொது நடையில் வைக்கக் கூடாது என்பது எனக்கு அப்படி வந்த ஒரு சீட்டிலிருந்தே தெரிந்தது. தூய்மைப் பணியாளரோடு அவர் கழுவும் நேரத்தில் ஒருமுறை உடன் இருந்து பாருங்கள். தரையின் வாட்டம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பதையெல்லாம் அவர் சொல்லவே வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரியும். அவரது கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுப்பதுதான் முறை.

சில சமயம் சரியான ஆளைக் கேட்டால் சுவர் கட்டாமலேயே வேலை முடிந்துவிடும். நாற்பது மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்ப் பிறையும் என்பது 2014-இல் தொடங்கிய தூய்மைப் பள்ளித் திட்டம் வகுத்த அளவு. 120 மாணவியருக்கு அப்படியே கட்டினால் மொத்தம் பன்னிரண்டு இடங்கள் கிடைக்கும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று கொண்டால், பத்து நிமிட இடைவேளையில் அறுபது பேர்தான் போய்வர முடியும். மீதிப் பாதிப் பேர் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புவார்கள். இதற்குத் தீர்வு, மணி அடிக்கும் அதிகாரம் உள்ள தலைமையாசிரியரிடம் இருக்கிறது: இடைவேளையை இரண்டு பிரிவாக மாற்றி விட்டால் போதும்.

உதவிப் பொறியாளரை முதல் வாரத்திலேயே தனியாகச் சந்தித்து, துறையின் மாதிரி வரைபடத்தில் எவற்றை மாற்ற முடியாது, எவற்றில் தளர்வு உண்டு என்று கேட்டறியுங்கள். அது தெரியாமல் மாணவியரிடம் ஆசை காட்டிவிட்டுப் பிறகு கைவிரிப்பது கேட்காமலே இருப்பதைவிட மோசமானது. ஒப்பந்ததாரரை இந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டாம்; அவர் தமக்குப் பழக்கமான வேலைக்கே எல்லாரையும் இழுத்துச் செல்வார்.

கேட்டவை அனைத்தையும் ஏற்க முடியாது. ஒன்றுக்கொன்று முரண்படும் கோரிக்கைகளும் வரும். கண்காணிக்க வசதியாகக் கழிப்பறை அலுவலக அறைக்கு எதிரே வேண்டும் என்றார் ஒரு தலைமையாசிரியர். யார் போகிறார்கள் என்று எல்லாரும் பார்க்கும் இடத்தில் வேண்டாம் என்றார்கள் மாணவியர். கட்டடத்தை அங்கேயே வைத்து, வாசலைப் பக்கவாட்டில் திருப்பி, முன்னால் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினோம். யார் என்ன கேட்டார்கள், எது ஏற்கப்பட்டது, எது எந்தக் காரணத்தால் விடப்பட்டது என்பதை ஒரே தாளில் எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பதால், விடுபட்டது ஏதும் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள். அந்தத் தாளின் ஒரு படியை உதவிப் பொறியாளரிடம் மதிப்பீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.