சூடோ குடுத்தும் எல்லாரும் ரூட்லயே உக்காந்திருக்கீங்களா? நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க

லினக்ஸ் சர்வர்ல எல்லா அதிகாரமும் இருக்கிற அக்கவுண்ட்தான் ரூட், அந்த அதிகாரத்துல ஒரு கமாண்டை மட்டும் ஓட்ட விடுறது சூடோ. டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி சர்வர்ல லாகின் ஆன கையோட "சூடோ எஸ்யூ" அடிச்சு முழுசா ரூட்டாவே மாறிட்டாரு. டாலர் குறி போய் ஹேஷ் குறி வந்துச்சு, சாயங்காலம் வரைக்கும் அந்த டெர்மினல் அப்படியே திறந்து கிடந்துச்சு. பாத்ததும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா பல வருஷம் நானும் இதையேதான் பண்ணிட்டு இருந்தேன். ரூட் பாஸ்வேர்டை சாட்ல போடாதீங்க, சுலபமான பாஸ்வேர்ட் வைக்காதீங்கன்னு எல்லாம் இங்க எழுதப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

சூடோவை ரூட்டுக்குள்ள போற கதவா மட்டும் வச்சுக்கிறது

ஒரு நாள் ராத்திரி ஒரு சர்வர்ல சர்வீஸ் ஒவ்வொண்ணா விழ ஆரம்பிச்சுது. பாத்தா சர்வீஸ்களோட டேட்டா இருக்கிற வார் டைரக்டரிக்குள்ள பாதிக்கு மேல ஃபைல்களோட ஓனர் மாறியிருக்கு, யாரோ ஃபைல் ஓனரை மாத்துற சௌன் கமாண்டை ரிக்கர்சிவா, அதாவது உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் சேத்து, தப்பான இடத்துல ஓட்டியிருக்காங்க. சௌன் பழைய ஓனர் யாருன்னு எங்கயும் எழுதி வைக்காது. பேக்கேஜோட வந்த ஃபைல்களை ஆர்பிஎம்ங்கிற பேக்கேஜ் கருவி வச்சு சரி பண்ணிட்டோம், ஆனா எந்தப் பேக்கேஜுக்கும் சேராத டேட்டா ஃபைல் எல்லாத்தையும் பேக்கப்போட ஒப்பிட்டு ஒப்பிட்டு மாத்துறதுக்குள்ள விடிஞ்சுடுச்சு.

சரி, எந்த கமாண்ட், எந்த டைரக்டரின்னு தெரிஞ்சா வேலை குறையுமேன்னு சூடோ எழுதி வைக்கிற லாகைத் திறந்தோம். அன்னிக்கு சாயங்காலத்துக்கு மொத்தமே மூணு வரி. மூணு வேற வேற பேரு, மூணுலயும் கமாண்ட்னு போட்டிருந்த இடத்துல "எஸ்யூ" மட்டும். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, ஏன்னா ரூட் ஷெல்லுக்குள்ள (ரூட்டா கமாண்ட் அடிக்கிற இடம்) போனப்புறம் நீங்க அடிக்கிறது சூடோவுக்குத் தெரியாது. அடிச்ச கமாண்டை பாஷ் ஷெல் சேத்து வைக்கிற ரூட்டோட ஹிஸ்டரி ஃபைலைப் பாத்தா, மூணு பேரும் அடிச்சது ஒரே ஃபைல்ல கலந்து கிடக்கு, நேரம் இல்ல, ஆள் பேர் இல்ல. ஷெல்லை மூடும்போதுதான் பாஷ் அதை எழுதும், அதனால ஃபைல்ல இருக்கிற வரிசையையும் நம்ப முடியாது. அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தன். நான் பண்ணலன்னு இன்னிக்கு வரைக்கும் என்னால அடிச்சு சொல்ல முடியல, மத்த ரெண்டு பேராலயும் முடியல, நல்லா பழகினவங்க மூணு பேர் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமா பாத்துக்கிட்டு கொஞ்ச நாள் ஓட்டினோம். அதை நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது.

ஒவ்வொரு கமாண்டுக்கும் முன்னாடி சூடோ போட்டு அடிச்சிருந்தா யாரு, எந்த டெர்மினல், எந்த டைரக்டரில நின்னு என்ன அடிச்சாங்கன்னு முழு வரியும் லாக்ல இருந்திருக்கும். அடிக்கடி பாஸ்வேர்ட் கேக்குதுன்னு சொல்வாங்க, ஒரு தடவை குடுத்தா 5 நிமிஷம், சில டிஸ்ட்ரோல 15 நிமிஷம் திரும்ப கேக்காது. ஆளுங்க உண்மையில ரூட் ஷெல்லுக்கு ஓடுறதுக்கு காரணம் வேற. சூடோ எக்கோ போட்டு அவுட்புட்டை ஒரு ஃபைலுக்கு ரீடைரக்ட் பண்ணா பெர்மிஷன் இல்லன்னு வரும், ஏன்னா ஃபைலைத் திறக்கிறது உங்க ஷெல், சூடோ இல்ல. அந்த இடத்துல பைப் போட்டு, வர்றதை ஃபைல்ல எழுதுற டீ கமாண்டை சூடோவோட பயன்படுத்துங்க, வேலை முடிஞ்சுது.

ரூட் ஷெல் இல்லாம முடியாதுங்கிற வேலையும் இருக்கு, ஒத்துக்கிறேன். அதுக்கு சூடோயர்ஸ்ல (யாருக்கு என்ன சூடோ அனுமதின்னு எழுதி வைக்கிற ஃபைல்) லாக் அவுட்புட் ஆன் பண்ணி வைங்க, ஸ்க்ரீன்ல வந்தது பூரா பதிவாகும், சூடோரீப்ளேல திரும்ப ஓட்டிப் பாக்கலாம். லினக்ஸ்ல நடக்கிறதைப் பதிவு பண்ற ஆடிட்-டி இருந்தா இன்னும் நல்லது, நீங்க முதல்ல எந்த யூசரா லாகின் ஆனீங்களோ அந்த ஐடி ரூட்டா மாறினாலும் கூடவே வரும். ஆனா எல்லாரும் எஸ்எஸ்எச்ல (வேற மெஷின்ல இருந்து லாகின் ஆகுறது) நேரா ரூட்டாவே வந்தா அதுவும் வீண், அதனால ரூட் லாகினை மூடிடுங்க. லாகை வேற மெஷினுக்கும் அனுப்பணும், ரூட்டா இருக்கிறவர் லாகையும் அழிக்கலாம் இல்லையா.

"ஒரே ஒரு கமாண்டுக்குத்தான் அனுமதி குடுத்திருக்கேன்"

விஐ எடிட்டருக்கு சூடோ குடுத்தா அதுக்குள்ள இருந்தே ஷெல் திறக்கலாம், அப்போ முழு ரூட்டையும் குடுத்த மாதிரிதான். லெஸ், ஃபைண்ட் கமாண்டுகளும்கூட அப்படித்தான். ஃபைல் எடிட் பண்ணத்தான் வேணும்னா சூடோஎடிட் குடுங்க, அது ஃபைலோட காப்பியை அவங்க சொந்த அக்கவுண்ட்லயே திறக்கும், முடிச்சப்புறம் திரும்ப எழுதும். ஸ்டார் போடுறதும் ஆபத்து. லாக் டைரக்டரிக்குப் பின்னாடி ஒரு ஸ்டார் போட்டு, ஃபைலைக் காட்டுற கேட் கமாண்டுக்கு அனுமதி குடுத்தா, அந்த ஸ்டார் ஸ்பேஸையும் சேத்து ஏத்துக்கும், ஒரு லாக் ஃபைல் பேரை எழுதி பக்கத்துல பாஸ்வேர்ட் விவரம் இருக்கிற ஷேடோ ஃபைலையும் எழுதினா ரெண்டையும் காட்டிடும்.

விசூடோ இல்லாம சூடோயர்ஸை எடிட் பண்றது

வேணாம். விசூடோதான் சேவ் பண்றதுக்கு முன்னாடி எழுத்துல தப்பு இருக்கான்னு பாக்கும். விசூடோல பண்ணும்போதும் இன்னொரு விண்டோல ஒரு ரூட் செஷன் திறந்தே இருக்கட்டும்.

சூடோயர்ஸ் டாட் டி ஃபோல்டர்ல ஃபைல் பேருக்குள்ள புள்ளி வைக்கிறது

அந்த ஃபோல்டர்ல கூடுதல் சூடோயர்ஸ் ஃபைல்கள் வைப்போம். பேருல புள்ளி இருக்கிற ஃபைலை சூடோ படிக்கவே படிக்காது, எரரும் வராது.

சூடோவை அப்டேட் பண்ணாம விடுறது

2021 ஜனவரில வெளிய வந்த "பாரன் சமெடிட்"ங்கிற சூடோ ஓட்டை 2011-லேருந்து உள்ளயே இருந்துச்சு. சூடோயர்ஸ்ல பேரே இல்லாத சாதாரண யூசர்கூட அதை வச்சு ரூட் ஆகலாம்.

ஆள் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டை லாக் பண்ணிட்டு மறந்துடுறது

பாஸ்வேர்ட் லாக் ஆனாலும் பெரும்பாலான லினக்ஸ்ல, பாஸ்வேர்டுக்குப் பதிலா பயன்படுற எஸ்எஸ்எச் கீ வேலை செய்யும். அக்கவுண்டையே எக்ஸ்பயர் பண்ணுங்க, குறிச்ச நேரத்துல தானா ஓடுற க்ரான் வேலை ஏதாவது விட்டுட்டுப் போயிருக்காங்களான்னு பாருங்க, முக்கியமா எந்தெந்த கீக்கு அனுமதின்னு இருக்கிற ரூட்டோட ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலைத் திறந்து வரிக்கு வரி படிங்க. கீயோட கடைசில இருக்கிற கமெண்ட்ல யார் பேரும் இல்லாம ஒண்ணு ரெண்டு கிடக்கும், டீம்ல எல்லார்கிட்டயும் கேளுங்க, என்னோடதுன்னு யாரும் வரலன்னா அன்னிக்கே எடுத்துடுங்க.