தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் காலையில் தைரொயிட் குளிசையும் பால்தேநீரும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. தைரொயிட் சுரப்பி குறைவாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் இந்தக் குளிசையில் இருப்பது தைரொக்சின் என்ற ஓமோன். பாலிலுள்ள கல்சியம், குடல் அதை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரைத் தொட வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் டீ.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) அளவு உயர்ந்திருப்பதைப் பார்த்து "தைரொயிட் கூடிவிட்டது" என்று தாங்களாகவே குளிசையைக் குறைப்பவர்கள். டீ.எஸ்.எச். தைரொயிட்டில் சுரப்பதே இல்லை. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியில் சுரக்கிறது. இரத்தத்தில் தைரொயிட் ஓமோன் குறைந்தால், "இன்னும் சுர" என்று கபச்சுரப்பி டீ.எஸ்.எச்.சைக் கூட்டி அனுப்பும். போதுமான ஓமோன் வந்ததும் அடங்கிவிடும். ஆகவே குளிசை எடுப்பவரிடம் டீ.எஸ்.எச். உயர்ந்தால், உடலுக்குக் கிடைக்கும் ஓமோன் போதவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். அந்த நேரத்தில் குளிசையைக் குறைத்தால் சோர்வும் மலச்சிக்கலும் உடல் பருமனும் இன்னும் கூடும்.

அவசரமும் கூடாது. தைரொக்சினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாட்கள் ஆகும். குளிசையின் அளவை மாற்றிய பின் ஆறு வாரமாவது பொறுத்துப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும். இதே காரணத்தால், குளிசையை நிறுத்தியவருக்கும் முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது. "இல்லாமலே நன்றாக இருக்கிறேனே" என்று அவர் நம்பிவிடுகிறார்.

கர்ப்பிணிகள் தயவுசெய்து இந்தக் குளிசையை நிறுத்தாதீர்கள். முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொயிட் ஓமோனையே நம்பியிருக்கிறது. தேவை குறைவதில்லை, கூடுகிறது. கர்ப்பம் உறுதியானதுமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அயடீன் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பு உட்பட்ட தென்மேற்குப் பகுதியில் ஒரு காலத்தில் அயடீன் குறைவால் கழுத்து வீங்கும் கண்டக்கழலை பரவலாக இருந்தது. 1995 முதல் இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். எனவே இன்று பலருக்குத் தைரொயிட் குறைபாடு வருவது அயடீன் இல்லாமலன்று, உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தைரொயிட் சுரப்பியையே தாக்குவதால். அவர்கள் அயடீன் மிகுந்த கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்கினால் நிலைமை மோசமாகலாம்.

முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் என்ற விற்றமினை எடுப்பவர்கள், தைரொயிட் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது பரிசோதனை முடிவையே பொய்யாக்கக்கூடும்.