ஆடும் கதவுக் கைப்பிடிக்கு

கைப்பிடி ஆடுகிறதென்றால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். பல வீடுகளில் கைப்பிடி நன்றாகத்தான் இருக்கும். மரத்தில் ஸ்க்ரூ ஏறிய ஓட்டைதான் லூசாகியிருக்கும். தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு, குச்சியைப் பெவிகாலில் தோய்த்து இரண்டு மூன்றாக ஓட்டைக்குள் செருகுங்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும். காலையில் நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் சீவிவிட்டு அதே ஸ்க்ரூவை முடுக்கினால் நன்றாகப் பிடிக்கும். எங்கள் பின்கட்டுக் கதவு இப்படித்தான் சரியானது.

உடைந்தே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கழற்றிக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். மொத்த நீளத்தைப் பார்த்து வாங்கினால் பொருந்தாது. ஒரு ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை உள்ள தூரம்தான் கணக்கு. சாவி ஓட்டையோடு வரும் கைப்பிடியென்றால், பிடிக்கும் சாவி ஓட்டைக்கும் இடையே உள்ள தூரத்தையும் உள்ளே போகும் சதுரக் கம்பியின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். 2 மி.மீ. தள்ளினாலும் சாவி முரண்டு பிடிக்கும்.

பாத்ரூம் கதவுக்கு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள், ஈரத்தைத் தாங்கும். இன்னொன்று, வேலை முடியும்வரை கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் அடியில் ஒரு கட்டையைச் செருகி வையுங்கள்.