லிஃப்ட் பராமரிப்பில் சின்ன அப்பார்ட்மெண்டுகள் செய்யும் தவறுகள்

எட்டு, பத்து வீடுகள் மட்டும் உள்ள அப்பார்ட்மெண்டில் லிஃப்ட் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதுதான் வரும். அப்போதும் "போன வருஷத்தைவிட எவ்வளவு ஏத்தியிருக்காங்க?" என்ற கேள்வியோடு முடிந்துவிடும். பணத்தைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள் வேறு இருக்கின்றன.

முதலில் கதவு. கயிறு அறுந்து விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். உண்மையில் கேபினைப் பல கம்பிக் கயிறுகள் சேர்ந்து தாங்குகின்றன. கேபின் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதை உணர்ந்து சேஃப்டி கியரை இயக்கும், அது இருபுறமும் உள்ள ரெயிலை இறுகப் பிடித்து நிறுத்திவிடும். கதவருகே இத்தனை அடுக்குப் பாதுகாப்பு கிடையாது. கேபின் வராமலே கதவு திறந்து ஒருவர் உள்ளே கால் வைப்பதையும், கதவு திறந்திருக்கும்போதே கேபின் நகர்வதையும் தடுப்பது டோர் லாக்கும் அதிலுள்ள மின்தொடர்பும்தான். அந்த லாக் பழுதானால் சில மெக்கானிக்குகள் ஒரு துண்டு வயரைப் போட்டு அந்தத் தொடர்பை இணைத்துவிடுவார்கள். ஜம்பர் என்பது இதுதான். "ரெண்டு நாள்ல பார்ட் வந்துடும் சார், அதுவரைக்கும் ஓடட்டும்" என்பார்கள். இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மெயினை அணைத்து, எல்லாத் தளங்களிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். நாலாவது மாடியில் இருக்கும் முதியவர் இரண்டு நாள் சிரமப்படத்தான் செய்வார். அவருக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்து உதவலாம். திறந்து கிடக்கும் குழிக்கு யாரும் காவல் நிற்க முடியாது.

லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் அவசரச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, யாராவது மாட்டினால் இழுத்துவிடச் சொல்வதும் இதே வகைத் தவறு. கேபின் இரண்டு தளங்களுக்கு நடுவில் நின்றால், அதற்கு அடியில் குழி திறந்திருக்கும். வெளியே குதிப்பவர் தடுமாறிப் பின்பக்கம் சரிந்தால் நேராக அதற்குள் விழுவார். மெயினை அணைத்து, மெக்கானிக்கோ முறையாகப் பயிற்சி பெற்றவரோ கேபினைத் தள மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் வெளியேற்ற வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் காற்று வரும், மூச்சு முட்டாது என்று வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருங்கள்.

அடுத்து ஒப்பந்தம். 'காம்ப்ரிஹென்சிவ்' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் அடங்கும் என்று நம்பிக் கையெழுத்து போடுகிறோம். ரோப், கன்ட்ரோலர் போர்டு, ஏஆர்டி (கரண்ட் போனால் கேபினைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் கருவி) பேட்டரி, தண்ணீர் புகுந்த சேதம் இவையெல்லாம் விலக்கப் பட்டியலில் இருக்கலாம். அந்தப் பட்டியலை முதலில் படியுங்கள். தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒப்பந்தம் போட்டாயிற்று, இனிப் பொறுப்பு கம்பெனிக்கு என்று நினைப்பதும் சரியல்ல. தமிழ்நாட்டில் லிஃப்டுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது கட்டடத்தின் உரிமையாளர்களான நாம்தான்.

மாதாந்திர சர்வீஸ் பல இடங்களில் வாட்ச்மேனின் கையெழுத்தோடு முடிகிறது. வந்தவர் மெஷின் ரூமுக்குப் போனாரா, பிட்டில் (லிஃப்ட் குழியின் அடிப்பகுதியில்) இறங்கினாரா என்று யாருக்கும் தெரியாது. அசோசியேஷனில் ஒருவர் கூடவே நின்றால் போதும், வேலையின் தரம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரேக்கையும் ஒவ்வொரு தளத்தின் டோர் லாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அலாரத்தை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏஆர்டி இருந்தால், ஆள் இல்லாத கேபின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை அணைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கேபின் பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவு திறக்க வேண்டும். கேபின் தளத்தோடு சமமாக நிற்காமல் ஓர் அங்குலம் மேலோ கீழோ நின்றால் "பழகிப்போச்சு" என்று விடாதீர்கள். வயதானவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். பிரேக் தேய்ந்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

பெரிய ரிப்பேர் என்று கொட்டேஷன் வந்தால் பயத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சந்தேகத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். ரோப் மாற்ற வேண்டும் என்றால் தேய்மானத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், அறுந்த இழைகளின் படம் கேளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கயிறுகளை ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பாரம் சமமாகப் பிரியாது. கயிறு ஓடும் சக்கரத்தின் பள்ளமும் தேய்ந்திருந்தால் புதுக் கயிறு சீக்கிரமே கெட்டுவிடும், அதையும் பார்த்தாரா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

கம்பெனியை மாற்றும்போது கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே கன்ட்ரோலர் பாஸ்வேர்டு, சர்க்யூட் வரைபடம், சாவிகள் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லாவிட்டால் புதிதாக வருபவர் "போர்டையே மாத்தணும்" என்று நிற்பார், செலவு லட்சங்களில் போகும்.

சென்னைவாசிகளுக்கு இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய கட்டடங்களில் பிட்டும் நிரம்பியது. கனமழை எச்சரிக்கை வந்ததும் கேபினை மேல் தளத்தில் நிறுத்தி, உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் வடிந்ததும் யாரும் சுவிட்சைத் தொடாமல் இருக்க மெஷின் ரூமைப் பூட்டி வையுங்கள். மெக்கானிக் பிட்டில் இறங்கி வயர்களையும் சுவிட்சுகளையும் பார்த்து, எழுத்தில் கொடுத்த பிறகு திறக்கலாம்.