சாசர் எனக்கு வாய்க்குள் வந்த கதை

கேன்டர்பரி கதைகளை மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் முன்னுரைப் பாட்டிலேயே மூடி வைத்தேன். அந்தக் கவிதைக் கதைகளை எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர் இறந்தது 1400இல். அந்த ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலம் மாதிரி கண்ணால் படித்தேன், அதுதான் தப்பு. ஒரு வரியும் தாளத்தில் நிற்கவில்லை.

நான்காவது முறை வாய்விட்டுப் படித்தேன். இன்றைய 'நேம்' அன்று 'நாமெ', 'டைம்' அன்று 'டீமெ', 'நைட்' என்னும் வீரன் 'க்னிஹ்ட்'. உயிரொலிகளைத் தமிழில் எழுதுவது போல எழுதிப் பார்த்ததும் முதல் இரண்டு வரிகளின் முடிவு 'ஸோட்டெ', 'ரோட்டெ' என்று எதுகைபோல் ஒட்டிக்கொண்டது. அந்த வரிகளின் பொருள்: ஏப்ரலின் இனிய மழை, மார்ச்சின் வறட்சியை வேர்வரை துளைக்கிறது. அட, இவ்வளவுதானா!

இன்னொரு சிக்கல் சொல் கடைசியில் வரும் 'எ'. சில இடத்தில் ஒலிக்கும், சில இடத்தில் காணாமல் போகும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பெரும்பாலும் விழுந்துவிடும். நம் குற்றியலுகரம் உயிர் வந்தால் ஓடிப்போவது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வரிக்குப் பத்துப் பதினோரு அசை தானாக வந்தது.

சொற்பொருளில் மட்டும் பழகிய முகங்களை நம்பாதீர்கள். 'நைஸ்' என்றால் அங்கே முட்டாள். பக்கத்தில் குறிப்புள்ள பதிப்பு வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் முழு மொழிபெயர்ப்பு வைத்துக்கொண்டால் கண் அங்கேயே போய்விடுகிறது. இப்போது இரவில் இருபது வரி. அதே காலத்து இன்னொரு ஆங்கிலக் கவிதையான கவெய்ன் பாட்டையும் தொட்டுப் பார்த்தேன், வட்டார மொழி கடுமை. சரி, அது பிறகு.